ஞாயிற்றுக்கிழமைச் சங்கு

என் ஆய்வின் தலைப்பைக் கேட்டதும் அக்கா சிரித்தாள். பேரிடருக்குப் பின் நிறுவனங்கள் எப்படி மீள்கின்றன என்பதுதான் தலைப்பு. ஒரு கம்பனியோ பேக்டரியோ வெள்ளத்திலோ தீயிலோ அடிபட்டால் அது திரும்ப எப்படி எழும்புகிறது என்று படிப்பது என விளக்கினேன்.

"கம்பனிக்கு என்னடி, அது எழும்பிரும். மனுசன் எப்புடி எழும்புறான்னு யாராச்சும் படிக்கிறீங்களா?"

அது வேறு துறை என்றேன். அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. இதெல்லாம் பதுளையில் அவள் வீட்டுச் சமையலறையில் நடந்த பேச்சு. அப்போது அம்மா உயிரோடு இருந்தாள். பேரிடர் என்பது எனக்கு அடுத்தவர் விஷயமாக இருந்தது. கொழும்புக்கு வெளியே வெள்ளத்தில் மூழ்கிய இரண்டு தையல் பேக்டரிகளை வைத்து நான் மும்முரமாகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேட்டு லயத்தின் மேல் விழுந்தது. நாங்கள் இருந்த ஓரறைக் காம்பரா அந்த வரிசையில் கடைசி. எத்தனை பேர் போனார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுதி எழுதி எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்று லயத்தில் இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. மிஞ்சியது அன்று அங்கே இல்லாத நாங்கள்தான்: கொழும்பில் வேலை செய்தவர்கள், பதுளையில் குடியிருந்தவர்கள், கொஸ்லந்தையில் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த ஒரு குடும்பம்.

மூன்று மாதம் கழித்து என் துறைத் தலைவர் கூப்பிட்டார். தையல் பேக்டரிகளை விட்டுவிட்டு உங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளலாமே, அங்கே உங்களுக்கு எல்லோரையும் தெரியுமே என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பிடு என்றால் சரி, படு என்றால் சரி. என் அம்மாவை மூடிய மண்ணை ஆய்வுக்களமாக எடுத்துக்கொள் என்றார்கள், அதற்கும் சரி.

முதலில் தோட்டத்து மேனேஜரான துரையைப் பேட்டி கண்டேன். சின்ன வயதில் அவருடைய ஒபிசுக்கு உள்ளே நான் போனதே இல்லை. வாசலில் நிற்போம், உள்ளேயிருந்து யாராவது எட்டிப் பார்த்து என்ன என்று கேட்பார்கள். இப்போது நாற்காலி போட்டார்கள், பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. துரை ஓரளவு பெருமையோடுதான் பேசினார். நாலாவது நாளே சங்கு ஊதிவிட்டோம், ஆட்கள் வந்தார்கள், ஸ்டோர் ஓடத் தொடங்கியது என்றார். எங்கள் பக்கத்தில் தேயிலை பேக்டரியை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதன் கூரையில் இருக்கும் மின்சாரச் சங்குதான் விடிந்தால் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும். நான் குறிப்பேட்டில், "நான்காம் நாள் சங்கு: மீட்சியின் முதல் அறிகுறி" என்று எழுதிக்கொண்டேன்.

என் கேள்விப் பட்டியலில் முன்னெச்சரிக்கை பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. துரை ஒரு அறிக்கையை எடுத்துக் காட்டினார். விடியுமுன்பே மின்சாரம் போய்விட்டது, ஆகவே சங்கு இயங்கவில்லை, ஆகவே எச்சரிக்கை கொடுக்க வழி இருக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. எல்லாம் பூசி மெழுகி அழகாகத் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தது. நான், "முன்னெச்சரிக்கை: இல்லை" என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது.

ஏனென்றால் சங்கு ஊதியது. நான் கேட்டேன். கொழும்பில் என் அறையில், கட்டிலில் உட்கார்ந்தபடி, போனில் கேட்டேன்.

சங்கு ஊதியவர் ஸ்டோரைக் காவல் காத்த வாச்சர். என் அப்பா இருந்த காலத்திலிருந்து அந்த வேலையில் இருந்தவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் பாப்பா என்பார். எனக்குக் கம்பசில் விரிவுரையாளர் வேலை கிடைத்த பிறகு மிஸ் ஆக்கிவிட்டார், கூடவே வாங்க போங்கவும் வந்துவிட்டது. அவரைப் பேட்டி காணப் போனபோது அவர் வாச்சராக இல்லை. புல் வெட்டும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். சரிவில் தப்பிய கீழ்த் தோட்டத்துக் குடிசைகளில் ஒன்றில் மனைவியோடு இருந்தார்.

ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"இதுல எம்பேரு வருமா மிஸ்?"

"வராது மாமா. யார் பேரையும் போட மாட்டோம். உங்களப் பாதுகாக்கத்தான்."

"எதுலருந்து?"

நாலைந்து வருடமாக அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். நான் பதிவுக்கருவியை அழுத்தினேன்.

"ஸ்டோருக்குப் பின்னால ஓடை இருக்குல்ல, அந்தத் தண்ணி எம்புட்டு மழ பேஞ்சாலும் ஒரு கலங்கலாத்தான் வரும். அன்னைக்கு கஞ்சி மாதிரி தடிச்சு வந்துச்சு. கல்லு உருளுற சத்தம் கேட்டுச்சு. கரண்டு இல்ல. லயத்துக்கு ஏறி ஓடுனா கா மணி நேரம் ஆவும், எங்காலுக்கு இன்னும் கூட ஆவும். அதான் ஜெனரேட்டரப் போட்டேன். அது சனியன், லேசுல ஸ்டார்ட் ஆவாது. ஆனதும் மூணு தரம் ஊதுனேன். கைய எடுக்காம, நீள நீளமா. அப்பறமாத்தான் ஓடுனேன். பாதி வழியில…"

எனக்கு அதற்கு மேல் தெரியும்.

சங்கு ஊதியது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அறிக்கையில் சங்கு இயங்கவில்லை என்று இருந்தது. மின்சாரம் இல்லாவிட்டால் என்ன, ஜெனரேட்டர் இருந்ததே, இவர் போடவில்லை, குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்திருப்பார் என்று ஆட்கள் முடிவுகட்டிவிட்டார்கள். தோட்டத்தின் அடுத்த டிவிஷன் மலைக்கு அந்தப் பக்கம், கீழ்த் தோட்டம் வெகு கீழே பள்ளத்தில். தகரக் கூரையில் மழை கொட்டிய இரைச்சலில் அங்கெல்லாம் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய தூரத்தில் இருந்தது மேட்டு லயம் மட்டும்தான்.

"கேட்டவுங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க மிஸ். கேக்காதவுங்கதான் இப்ப எனக்கு நாயம் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரி பைப்படிக்குத் தண்ணிக்குப் போனா மத்த பொம்பளைங்க வாளிய எடுத்துக்கிட்டு தள்ளி நிக்கிறாங்க. ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுறதில்ல. ஒருத்தரு போதும் மிஸ். ஒரே ஒருத்தரு, ஆமா சங்கு ஊதுனுச்சு, நா கேட்டேன்னு சொன்னாப் போதும். நா பாட்டுக்குக் கெடப்பேன்."

"இதையும் பதிவு பண்ணிக்கிறேன் மாமா" என்றேன்.

அந்த ஒருத்தி அவருக்கு எதிரே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பதிவுக்கருவியின் மின்கலத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பதுளை வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அம்மாவுக்குப் போன் எடுப்பது என் வழக்கம். அவள் போனை ஜன்னல் கட்டையில் வைத்திருப்பாள், அங்கேதான் சிக்னல் வரும். அன்று ஆறு பதினேழுக்கு எடுத்தேன். நாலு நிமிடம் பேசினோம். அழைப்புப் பட்டியலில் உள்ள அந்த வரியை இன்னும் அழிக்கவில்லை. புதுப் போன் வாங்கியும் பழையதை மின்னேற்றி மின்னேற்றி வைத்திருக்கிறேன்.

மழை எப்படி என்று கேட்டேன். விடாம ஊத்துது என்றாள். ரொட்டி சுட்டுவிட்டதாகவும் தேத்தண்ணி அடுப்பில் இருப்பதாகவும் சொன்னாள். அப்போதுதான் அவளுக்குப் பின்னால் சங்கு கேட்டது.

"ஐயோ, சங்கு ஊதுறான்டி. ஞாயித்துக்கெழமையும் விட மாட்டேங்குறானுங்க."

முந்தின வாரமும் அப்படித்தான். கொழுந்து முற்றுகிறது என்று ஞாயிற்றுக்கிழமையும் சங்கு ஊதிப் பெரட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெரட்டு என்பது காலையில் கணக்கப்பிள்ளை ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் பதிந்து, யார் யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவது. அதற்கான களம் ஸ்டோருக்கு எதிர்ப்பக்கத்து மேட்டில் இருக்கிறது. அம்மா நாற்பது வருடமாகப் பெரட்டுக்குப் பிந்தியவள் இல்லை. காய்ச்சலோடும் போவாள். அப்பாவின் முப்பதாம் நாள் முடிந்த மறுநாளும் போனாள்.

"நீ போகாதம்மா."

"போகாட்டி நாளைக்கு அந்தக் கணக்கப்புள்ள மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பான். கூடைய எடுத்துட்டேன்டி."

இரண்டாவது தரம் ஊதியது. முதலாவதைவிட நீளமாக.

"என்னமோ இன்னைக்கு ரொம்ப நேரம் ஊதுறான்."

"ஊதட்டும். அவருக்கு வேற வேல இல்ல. நீ கூடைய எறக்கு."

"போயி பேரக் குடுத்துட்டாச்சும் வந்துர்றேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம் அப்படித்தான், மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். "என்னப் படிக்க வச்சது எதுக்கும்மா? நீ இன்னும் இந்த மழையில நனஞ்சு சாகறதுக்கா? போனேன்னு வச்சுக்க, இனிமே நா போனே எடுக்க மாட்டேன். கதவச் சாத்திட்டுப் படு."

அம்மா சிரித்தாள். "சரி சரி. டீச்சரம்மா சொன்னா கேட்டுக்கிறணும்."

மூன்றாவது சங்கும் கேட்டது. அதற்கு நடுவிலே கதவு மூடுகிற சத்தம், கொண்டி போடுகிற சத்தம்.

"சாத்திட்டேன். போதுமா?"

"போதும்" என்றேன்.

பெரட்டுக் களம் இன்றும் அப்படியே இருக்கிறது. அங்கே ஒரு கூழாங்கல்கூட நகரவில்லை.

இதை நான் இரண்டு வருடம் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாததற்கு அக்காவைக் காரணம் காட்டிக்கொண்டேன். சாவு வீட்டன்று, சாவு வீடு என்று ஒரு வீடு இல்லை, பள்ளிக்கூட மண்டபம், அங்கே வாச்சர் மாமா தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஊதுனேன் ஊதுனேன்னு சொல்றீங்களே, ஊதியிருந்தா எங்கம்மா வந்திருக்காதா? சங்குச் சத்தம் கேட்டா பாதித் தூக்கத்துலயும் எந்திரிச்சு ஓடுற மனுசி. நாப்பது வருசம் ஓடியிருக்கு. ஊதியிருந்தா எங்கம்மா இன்னைக்கு உசுரோட இருந்திருக்கும்."

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் அதுதான் பேச்சு. அந்த அம்மாவே வரவில்லை என்றால் சங்கு ஊதவே இல்லை. யாராவது கொஞ்சம் சந்தேகப்பட்டாலும் அம்மாவைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். என் அம்மாவின் நாற்பது வருடப் பழக்கம் அந்த மனிதருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அந்தச் சாட்சி எங்கே தவறியது என்று தெரிந்த நான் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று சோடாப் போத்தலைத் திறந்து அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பயம்தான். வேறு ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தால் கதவு சாத்திய கதையையும் சொல்ல வேண்டிவரும். அதைவிட ஆய்வு எழுதுவது சுலபமாக இருந்தது.

ஆய்வு நன்றாகவே போனது. கொழும்பில் ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். திரையில் எங்கள் ஸ்டோரின் படம் வந்தது, அதற்குப் பின்னால் சிவப்பாக மலையின் காயம். நான்காம் நாள் சங்கைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு பேராசிரியர் தலையாட்டினார். நெகிழ வைக்கும் உதாரணம் என்று பிறகு பாராட்டினார். உங்கள் சொந்த ஊர் என்று கேள்விப்பட்டேன், எப்படித் தாங்கிக்கொண்டு எழுதுகிறீர்கள் என்றும் கேட்டார். பழகிவிட்டது என்றேன். மதியச் சாப்பாட்டில் கோழி நன்றாக இருந்தது, இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல்லுக்கு மருந்து ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் என்னை நானே அவ்வப்போது கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வருட நினைவு நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது வாச்சர் மாமா போன் எடுத்தார்.

"மிஸ், அந்தப் பொஸ்தகம் முடிஞ்சிருச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா."

"நா மொனராகலைக்குப் போறேன் மிஸ். கரும்புத் தோட்டத்துல காவல் வேல இருக்காம். எங்க வீட்டுக்காரியால இனி இங்க ஏலாது. நெனவு நாள் முடிஞ்ச மறுநா கெளம்புறோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போறதுக்கு முன்ன அந்த எடத்துல ஒரு சூடம் கொளுத்திட்டுப் போகணும். போன வருசம் ஒங்க அக்கா விடல. ஒங்க பேச்சுன்னா கேப்பாங்க. சொல்றீங்களா மிஸ்?"

சொல்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகுதான் நான் எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று எனக்குப் புரிந்தது.

நினைவு நாளுக்கு முந்தின நாள் பகலில் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா படையலுக்கு உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு வடை பிடிக்கும், அதுவும் பச்சை மிளகாய் தூக்கலாக. "வந்துட்டியா டொக்டரம்மா, வா, கையக் கழுவிட்டு வெங்காயத்த நறுக்கு" என்றாள். நான் இன்னும் டொக்டர் ஆகவில்லை. அவள் எப்போதோ ஆக்கிவிட்டாள்.

வெங்காயத்தை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். இப்போது அழுதாலும் யாருக்கும் தெரியாது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அழுகை வரவில்லை. "அக்கா, அன்னைக்கு சங்கு ஊதுனுச்சு" என்றேன்.

அவள் விரல் உளுந்தில் நின்றது.

"யாரு சொன்னா?"

"நா கேட்டேன். அம்மாவோட பேசிக்கிட்டு இருந்தேன், போன்ல கேட்டுச்சு."

"எத்தன தரம்?"

"மூணு தரம்."

"அம்மா என்ன சொன்னுச்சு?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். கூடை, கணக்கப்பிள்ளை, டீச்சரம்மா, கொண்டி, போதுமா, போதும். பேட்டி எழுத்தாக்கத்தை வாசிப்பதுபோல என் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் போனது. பழைய போனை எடுத்து ஆறு பதினேழைக் காட்டினேன். அக்கா அதைப் பார்க்கவில்லை. அவள் அம்மாவைப் பற்றிக் கேட்பாள், கதவைப் பற்றிக் கேட்பாள், என்னை அறைவாள் என்றெல்லாம் இரண்டு வருடமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"ரெண்டு வருசமா நா அந்த மனுசன வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கேன்" என்றாள். "பொண்டாட்டி புள்ளைய எல்லாம் இழுத்து ஏசியிருக்கேன். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்த."

"ஆமா."

"ஆமாவாம்."

அவ்வளவுதான். திரும்பவும் உளுந்தில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கி முடித்து, தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். மத்தியானம் எனக்குச் சோறு போட்டு வைத்தாள், குழம்பு ஊற்றவில்லை. நானே ஊற்றிக்கொண்டேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் விடியற்காலையில் வேன் பிடித்துப் போனோம். வழி முழுக்க அக்காவின் மடியில் வடைப் பாத்திரம் சூடாக இருந்தது, அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது மானாப் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. நடுவில் மட்டும் வெட்டிச் சுத்தப்படுத்தி ஒரு சிமெந்து மேடை கட்டியிருக்கிறார்கள். வருடா வருடம் ஆறரைக்குள் படையல் வைத்து முடித்துவிட வேண்டும். சரிவு வந்த நேரம் அது என்பதால் மட்டுமல்ல, அதற்குப் பிறகு அடுத்த டிவிஷன் ஆட்கள் பெரட்டுக்குப் போக வேண்டும். அன்று வேலை நாள். அவர்கள் கூடைகளை ரோட்டோரம் வரிசையாக வைத்துவிட்டு வந்து நின்றார்கள்.

வாச்சர் மாமா வளைவில், ஆட்களுக்கு இருபது அடி தள்ளி நின்றார். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு சூடப் பெட்டி. மனைவியை அழைத்து வரவில்லை. என்னைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

அக்கா வடைப் பாத்திரத்தை மேடையில் வைத்தாள். நிமிர்ந்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"மாமா, இங்க வாங்க. நீங்க ஊதுனீங்க. மூணு தரம் ஊதுனீங்க. எந்தங்கச்சி போன்ல கேட்டிருக்கு, எங்கம்மாவும் கேட்டிருக்கு. நா பேசுனதெல்லாம் தப்பு. மன்னிச்சுக்குங்க."

அத்தனை கண்ணும் என் மேல் திரும்பியது. ஆமாம், நான் கேட்டேன், ஆறு பதினேழுக்கு என்றேன். குரல் சரியாக வெளியே வரவில்லை, இன்னொரு தரம் சொன்னேன். யாரோ ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா மெல்ல நடந்து வந்தார். அந்த இருபது அடியை நடப்பதற்குள் அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தில் இரத்தம் ஓடியதை நான் பார்த்தேன். என் முன்னால் வந்து நின்றார்.

"கேட்டுச்சா? அம்மாவுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா. நல்லாக் கேட்டுச்சு. இன்னைக்கு ரொம்ப நேரம் ஊதுறான்னு சொன்னாங்க."

"அதான் நானும் சொன்னேன். நீளமா ஊதுனேன்னு சொன்னேன்ல?" சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். என் பட்டியலில் நான் எழுதாமல் விட்ட கேள்வி. "அப்ப ஏன் வெளிய வரல?"

"வேலைக்குக் கூப்பிடுறீங்கன்னு நெனச்சுட்டாங்க மாமா. போகத்தான் இருந்தாங்க, கூடைய எடுத்துட்டாங்க. நாந்தான் போகாத, கதவச் சாத்திட்டுப் படுன்னு சொன்னேன். மத்தவுங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. ஞாயித்துக்கெழமை, மழ வேற. யாரு போவா?"

"வேலைக்கா?" என்றார்.

எதிர்ப்பக்கத்து மேட்டிலிருந்து கணக்கப்பிள்ளை யாரையோ கூப்பிட்டது கேட்டது. ஸ்டோரில் சங்கு ஊதியது. ஒரே தரம், குட்டையாக, வழக்கம்போல. நின்றவர்களில் பாதிப் பேர் குனிந்து மேடையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ரோட்டோரம் போய்க் கூடைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு வரிசையாகக் களத்துக்கு ஏறினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாமா அவர்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசிக் கூடையும் வளைவில் மறைந்தது. அவர் முகத்தில் வந்த தெளிவு போய்விட்டிருந்தது. அவருக்கு வேண்டியதைக் கொடுத்த அதே வாயால் நான் அதைத் திரும்பப் பிடுங்கிவிட்டேன். எனக்கு அப்போதுதான் வலித்தது, இரண்டு வருடத்தில் முதல் தரம்.

"ஊதுறதுக்கு எனக்கு வேற சத்தம் ஒண்ணும் தோட்டத்துல குடுக்கலயே, பாப்பா" என்றார்.

அக்கா தீப்பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.